சுகாசினி அடைத்த ஓட்டை

செவிலிமேட்டில் டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது. போர்டில் போட்டிருக்கும் பெயரைப் பார்த்தால் அமெரிக்காவில் கிளை இருக்கும் போலத் தோன்றும். உள்ளே போனால் ஏழெட்டு நாற்காலி, ஒரு சர்வர், அந்த சர்வருக்கென்று ஒரு ஏசி. மனிதர்களுக்கு ஃபேன்தான். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் பலவற்றின் டிசைன்கள் அந்த ஒரே மெஷினுக்குள் இருக்கின்றன. புடவையின் கரை, முந்தானை, உடம்பில் வரும் புட்டா எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரையப்பட்டு, தறிக்குப் போவதற்கு முன் அங்கே வந்து படுத்திருக்கும். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை சுகாசினியுடையது. வருஷக்கணக்காகப் பார்த்தாள். இப்போது அவள் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் கடைத்தெருவில் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை பொய். நடந்தது வேறு.

அவள் முசரவாக்கத்துப் பெண். தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அப்பா வீராசாமி லாரியில் லோடு ஏற்றியவர். அம்மா எல்லம்மாள் கட்டட வேலைக்குப் போய் மகளை டிப்ளமா படிக்க வைத்தாள். சென்னையில் பெரிய இடமொன்றில் சர்வர் வேலை கற்றுக்கொண்ட சுகாசினி, அம்மாவின் முட்டி மடங்காமல் போனதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள். கம்பெனி முதலாளி மணிவண்ணன் வேலை கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நம்மகிட்ட ஜாதி கீதி எல்லாம் பாக்கறது இல்ல சார். நம்ம சுகாசினியவே எடுத்துக்குங்களேன்” என்பார். பார்க்காத ஒன்றை எதற்கு இத்தனை தரம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்க மாட்டாள்.

கம்பெனிக்கு வரும் கடைக்காரர்களில் பெரியவர் பழனி. முகூர்த்தப் பட்டில் அவர் கடைதான் முதலில் புது டிசைன் இறக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுவார்கள். மெஷினின் மொத்தச் சாவியும் சுகாசினி கையில்தான் என்று தெரிந்த அன்று அவர் மணிவண்ணனைப் பார்த்துக் கேட்டார்: “வேற ஆளு யாரும் கெடைக்கலையாபா உனக்கு?” அப்போது அவள் மேஜைக்கு அடியில் குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஆள் இருக்கிறது என்று பழனிக்கும் தெரியும். மணிவண்ணன் சிரித்து மழுப்பினார்.

விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு கடைக்கும் அதற்குள் ஒரு தடுப்பு உண்டு. கன்டெய்னர் என்பார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஒண்டுக்குடித்தனங்கள் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூட்டு; ஒருவர் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு மெஷினில் ஆளுக்கொரு சின்ன அக்கவுண்ட். காம்பவுண்டுக்குள் வரலாம், தன் வேலையைப் பார்க்கலாம், எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. எல்லா வீட்டையும் திறக்கிற சாவி ஒன்று இருக்கிறது. ரூட் என்று அதற்குப் பெயர். அது சுகாசினியிடம் மட்டும்தான் இருந்தது.

ஆவணி மாதத்தில் அந்த கன்டெய்னர் சாஃப்ட்வேரைச் செய்தவர்களே உலகத்துக்கு ஓர் எச்சரிக்கை விட்டார்கள். வாசல் பூட்டெல்லாம் சரிதான். ஆனால் எல்லா வீட்டுச் சாமானும் மெஷினில் எந்த ஃபோல்டருக்குள் அடுக்கி வைக்கப்படுகிறதோ, அந்த ஃபோல்டரின் அனுமதியை இறுக்காமல் விட்டுவிட்டோம். சின்ன அக்கவுண்ட் வைத்திருப்பவர்கூடக் கொல்லைப் பக்கமாக உள்ளே போய் எதையும் படிக்கலாம், எடுக்கலாம் என்று. போய்வந்ததற்கு அடையாளமும் நிற்காது.

படித்த கையோடு சுகாசினி பக்கத்து நாற்காலி ஜுனைத்தைக் கூப்பிட்டாள். ஒலிமுகமதுபேட்டைக்காரன், வரைந்த டிசைனைத் தறிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அவன் வேலை. அவனிடம் இருந்தது சின்ன அக்கவுண்ட். அதில் ஃபோல்டரின் முழு வழியையும் அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். பழனி கடையின் டிசைன்கள் பூராவும் வரிசை கட்டிக்கொண்டு ஸ்க்ரீனில் வந்து நின்றன.

“யக்கா, இன்னாக்கா இது!” என்று ஜுனைத் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். “இதெல்லாம் நான் பாக்கவே கூடாதே. மொதல்ல மூடு.”

மூடினாள். சாஃப்ட்வேர்க்காரர்கள் மருந்தும் அனுப்பியிருந்தார்கள். புது அப்டேட்டை அன்றைக்கே ஏற்றினாள். ஆனால் அது மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்களை ஒருமுறை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும். அப்போதுதான் அந்த ஃபோல்டரின் அனுமதி இறுகும். அதுவரைக்கும் மருந்து வயிற்றுக்குள் இருக்கும், வியாதியும் இருக்கும்.

மணிவண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

“எவ்ளோ நேரம் நிறுத்தணும்?”

“கால் மணி நேரம் சார்.”

“கால் நிமிஷம்கூட முடியாது. ஆவணி மாசம்மா. முகூர்த்தத்து மேல முகூர்த்தம். கடைக்காரங்க டிசைன் ஏத்திக்கினே இருக்கறாங்க. அதுவும் இல்லாம, நல்ல நேரம் பாத்து, கற்பூரம் காட்டி ஆன் பண்ண மெஷின் அது. ஆயுத பூஜைக்கு அணைப்போம், விஜயதசமிக்கு ஏத்துவோம். நடுவுல அணைக்கற வழக்கமே நம்மகிட்ட கெடையாது. தறிக்காரன் பாவு ஓடும்போது நடுவுல தறிய எறக்குவானா?”

அந்த வழக்கம் அவர் அப்பா தறி வைத்திருந்த காலத்திலிருந்து வந்தது. தறிக்கு ஓய்வு ஆயுத பூஜைக்குத்தான். தறி போய் சர்வர் வந்தது, வழக்கம் போகவில்லை. ஒரு வருஷம் நடுவில் மெஷின் நின்ற வாரமே இரண்டு கடைகள் கம்பெனியை விட்டுப் போய்விட்டன. வேறு காரணத்துக்காகப் போனவர்கள்தான். அதை மணிவண்ணனுக்கு யார் புரிய வைப்பது? தானே சத்தமில்லாமல் நிறுத்திவிடலாமா என்றுகூட சுகாசினி நினைத்தாள். நிறுத்தினால் ஒவ்வொரு கடை ஸ்க்ரீனிலும் சிவப்பு எழுத்து வரும், அடுத்த நொடி மணிவண்ணன் போன் அலறும், அதோடு வேலையும் போகும்.

“அப்ப ஒண்ணு பண்ணலாம் சார். பூஜை வரைக்கும் தேவை இல்லாதவங்க அக்கவுண்ட்ட மூடிடலாம். நம்பிக்கையானவங்களுக்கு மட்டும் மெஷின்ல எடம் குடுங்கன்னு சாஃப்ட்வேர்க்காரங்களே எழுதியிருக்கறாங்க.”

“யாருக்குத் தேவை இல்ல?”

சுகாசினி தயங்கினாள். “குமரன் சாருக்கு.”

குமரன் மணிவண்ணனின் மச்சான். மார்க்கெட்டிங் பார்க்கிறான் என்று சொல்வார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. வீட்டு மனிதன் என்பதால் அவனுக்கும் ஒரு அக்கவுண்ட் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மணிவண்ணன் முகம் மாறிவிட்டது. “என் பொண்டாட்டி கூடப் பொறந்தவனை நம்பாம, வேற யார நம்பச் சொல்ற?”

நம்பிக்கையானவர் யார் என்று எச்சரிக்கை அனுப்பியவர்கள் பட்டியல் போட்டு அனுப்பவில்லை. இந்த ஊரில் அதை ரத்தத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

அவள் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் மணிவண்ணன் போனை எடுத்துவிட்டார். ஒவ்வொரு கடைக்காரருக்கும் போட்டு, “உலகம் பூரா ஓட்டையாம் சார், பேப்பர்ல பாத்தீங்களா? நம்மகிட்ட அடைச்சாச்சு. அதான் நம்ம கம்பெனி” என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். சுகாசினி ஓடிவந்தாள்.

“சார், அடைக்கல சார்.”

அவர் போனைக் கையால் மூடினார். “அப்டேட் போட்டியா, இல்லியா?”

“போட்டேன். ஆனா...”

“போட்டாச்சு இல்ல? அப்புறம் இன்னா ஆனா?”

அன்றைக்கு சாயங்காலம் குமரன் அவளிடம் வந்து உட்கார்ந்தான். முதன்முறையாக மரியாதையாகப் பேசினான். “இன்னா மேட்டர் சுகாசினி அது? மாமாவுக்குப் புரியல போல. எனக்குச் சொல்லேன், நான் எடுத்துச் சொல்றேன்.” காலையிலிருந்து தொண்டை வறளக் கத்தியும் காதில் போட்டுக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் நொந்து போயிருந்தவள் அவள். ஒருவன் வந்து கேட்கிறான் என்றதும் உருகிவிட்டாள். ஃபோல்டர் எங்கே இருக்கிறது, எப்படிப் போகலாம், ஏன் அடையாளம் நிற்காது என்று ஒன்று விடாமல், காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டிச் சொன்னாள். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மணிவண்ணனிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையில் அவள் செய்த தப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். அதுவும் நல்லது நடக்கும் என்று நம்பிச் செய்தது.

புரட்டாசி வந்தது. பழனி அந்த வருஷத்துக்கென்று ஒரு கரை வரைய வைத்திருந்தார். தாழம்பூ ரேக்கு என்கிற பல்பல்லான கோடுகளுக்கு நடுவே மயில் கழுத்தைத் திருப்பித் தன் தோகையைத் தானே பார்க்கும். மயிலின் கண்ணுக்கு மட்டும் வேறு நிறம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் முதல் புடவை பாதிதான் ஓடியிருந்தது. அதற்குள் கல்யாணப் புடவை சொல்லியிருந்த பெண் வீட்டார் போன் செய்து, “இன்னாங்க, இதே கரைய வாட்ஸ்அப்புல ஒருத்தன் சல்லிசா வித்துக்கினு இருக்கறான்” என்றார்கள். வேறு ஊரில், விசைத்தறியில் ஓட்டின புடவை. அதே மயில், அதே கண். பழனியின் கைநெசவுப் புடவை இன்னும் தறியை விட்டே இறங்கவில்லை. நகல் முந்திக்கொண்டுவிட்டது. இனி அசல் வந்தால் அதைத்தான் நகல் என்பார்கள்.

பழனி மாடிப்படி ஏறி வந்தபோது நவராத்திரி முடியும் தறுவாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என் டிசைன் உன் பொட்டியில இருந்துதான் போயிருக்குது மணிவண்ணா. வரைஞ்சவர் என் சொந்தச் சித்தப்பா. தறிக்காரனுக்குப் பாதி டிசைன்தான் தெரியும். முழுசா இருந்தது இங்க மட்டும்தான்.”

“இருக்காது சார். ஓட்டை எல்லாம் ஆவணியிலயே அடைச்சாச்சு. நானே உங்களுக்குப் போன் பண்ணேனே.”

“அப்ப பூட்டு ஒடையல. சாவி போட்டுத்தான் தொறந்திருக்கறாங்க.” பழனி சுற்றும் முற்றும் பார்த்தார். “சாவி யாருகிட்ட?”

அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பின.

சுகாசினி எழுந்து நின்றாள். “ஓட்டை அடையல சார். அப்டேட் போட்டேன், மெஷினை அணைச்சு ஏத்த விடல. இன்னிக்கும் தொறந்துதான் கெடக்குது. சாவியே வேணாம். இங்க இருக்கற யார் வேணும்னாலும் போயி எடுத்திருக்கலாம். இப்பவே காட்டறேன். நான் தொட்டா சாவி போட்டேன்னு சொல்வீங்க. குமரன் சாரே உக்காரட்டும், அவரு அக்கவுண்ட்லயே காட்டறேன்.”

மணிவண்ணன் பாய்ந்து இடையில் வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஓட்டை திறந்திருக்கிறது என்று இங்கே நிரூபணமானால், அடைத்துவிட்டேன் என்று எல்லாக் கடைக்கும் போன் போட்டுச் சொன்னது பொய்யாகும். ஒரு கடை மிஞ்சாது. “கோவத்துல பாக்க வேணாம் சார். நீங்க ஒருத்தர் பாத்தா நாளைக்கு கடைக்காரங்க சங்கத்துல நாலு விதமா பேசுவாங்க. பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கினு வாங்க, அவங்க முன்னால வச்சுப் பாத்துடலாம்.”

பழனிக்கு அது நியாயமாகப் பட்டது. “சரி. நாளைக்கு எல்லாருக்கும் பூஜை. விஜயதசமி அன்னிக்கு வரேன். நல்ல நாளு.”

“அன்னிக்கு முடியாது சார்!” என்றாள் சுகாசினி. “நாளைக்குப் பூஜைக்கு மெஷினை அணைச்சு ஏத்தினா ஓட்டை தானா அடைஞ்சிடும். அப்புறம் காட்ட முடியாது.”

பழனி அவளை மேலும் கீழும் பார்த்தார். “இப்பதான் தொறந்து கெடக்குதுன்ன. பூஜை போட்டா தானா அடைஞ்சிடுமா? சந்தனம் குங்குமம் வச்சா மூடிக்கற ஓட்டையாம்மா அது?”

குமரன் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஜுனைத் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. ஆனால் அதை அவள் வாயால் கேட்டபோது, கையும் களவுமாகப் பிடிபட்டவள் நழுவப் பார்ப்பது போலத்தான் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

“அப்ப இந்த ஒரு தடவ அணைக்காம விடுங்க சார். விஜயதசமி வரைக்கும் ஓடட்டும்.”

“ஆயுத பூஜை அன்னிக்கு மெஷின் ஓடணுமா?” பழனியின் முகம் கறுத்தது. “உங்க வீட்டுல எப்படியோ. எங்க வழக்கம் அது இல்ல.”

உங்க வீட்டுல எப்படியோ! வீராசாமி தனக்குச் சொந்தமில்லாத லாரிக்கு வருஷம் தவறாமல் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தவர். அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அவள் மென்று விழுங்கினாள்.

மறுநாள் காலையில் கம்பெனியைக் கழுவி, வாழைக்கன்று கட்டினார்கள். மத்தியானம் மெஷினை அணைத்துத் துடைத்து வைக்க வேண்டும், பூஜை அதற்கப்புறம். அணைக்கிற வேலையும் சுகாசினியுடையதுதான். திருட்டுப் பட்டம் கட்டியாகிவிட்டது, ஆனாலும் வேறு யாருக்கும் அதை ஒழுங்காக அணைக்கத் தெரியாதே!

ஜுனைத் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான். “அணைக்காதக்கா. மேல பட்டுத்துணியப் போத்தி மாலையப் போட்டுட்டா, உள்ள ஓடறது யாருக்குத் தெரியும்? ஏசி சத்தத்துல ஒண்ணும் கேக்காது. விஜயதசமி அன்னிக்கு அந்தக் குமரனே அடிச்சுக் காட்டட்டும். உன் பேரு தப்பிக்க இது ஒண்ணுதான் வழி.”

“அதுக்குள்ள அவன் வேற கடைக்குள்ள பூந்தான்னா?”

“அப்ப வீடியோவாவது எடுத்து வெச்சுக்குவோம். என் அக்கவுண்ட்ல போறேன், நீ போன்ல புடி.”

“பழனி கடை டிசைன ஜுனைத் எடுக்கற வீடியோவா? போடா டேய். நாளைக்கு என்னை விட்டுட்டு உன்னைப் புடிச்சுக்குவாங்க. உன் பேரைக் கேட்டா அவங்களுக்கு வேற சாட்சியே வேணாம்.”

அவள் சொன்னது சரி என்று ஜுனைத்துக்கும் தெரியும்.

ஆனாலும் போர்த்திவிடலாம் என்ற யோசனை அவளை விடவில்லை. ஏன் கூடாது? இத்தனை நாள் திறந்து கிடந்தது, இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் என்ன? தன் பெயரைத் தான் காப்பாற்றிக்கொள்ளாமல் வேறு யார் வந்து காப்பாற்றப் போகிறார்கள்? பட்டுத்துணியை எடுத்து மெஷினின் மேல் போர்த்தியே விட்டாள். விளக்கு தெரியவில்லை. சத்தமும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் போன் வந்தது. கௌஸ் பாஷா. ஜரிகை வியாபாரம் செய்த மனிதர், தன் மகள் ரூக்ஷார் வரைந்த டிசைன்களை நம்பிச் சொந்தமாகப் புடவை இறக்கப் போகிறார். அவர்கள் வீட்டு எதிர்காலம் மொத்தமும் அந்த மெஷினுக்குள் ஒரு சின்னத் தடுப்புக்குள் இருந்தது.

“கடைத்தெருவுல என்னென்னமோ பேசிக்கறாங்கம்மா. நான் நம்பல. நீ ஒரு வார்த்த சொல்லு. எங்க புள்ள வரைஞ்சது பத்திரமா இருக்குதா?”

ஊரே தன்னைத் திருடி என்று சொல்லும் நாளில், ஒருத்தர் தன்னிடமே வந்து பத்திரமா என்று கேட்கிறார். சுகாசினிக்கு அழுகை வந்தது. ஆமாம் என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

“கொஞ்சம் லைன்ல இருங்க பாய்” என்றாள்.

போனை மேஜையில் வைத்தாள். துணியை விலக்கினாள். கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக, ஒழுங்கு முறைப்படி நிறுத்தி, மெஷினை அணைத்தாள். மெஷின் இரண்டு தரம் கனைத்துவிட்டு அடங்கியது. ஜுனைத் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“இனிமே பத்திரம் பாய்” என்றாள் போனில். அதுவரை இல்லை என்பதை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மணிவண்ணனின் மனைவி வந்து மெஷினுக்குச் சந்தனம் வைத்து ஆரத்தி காட்டினாள். சுகாசினிக்கும் ஒரு கை பொரி கிடைத்தது.

விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் மெஷினைக் கிளப்பினார்கள். பழனி சங்கத்துப் பெரியவர்கள் இருவரோடு வந்து உட்கார்ந்தார். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். மணிவண்ணன் எல்லோருக்கும் காபி சொல்லியிருந்தார். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது.

“காட்டும்மா” என்றார் பழனி.

“காட்ட முடியாது சார். அன்னிக்கே சொன்னேன். அணைச்சு ஏத்தியாச்சு. இப்ப அடைஞ்சிருக்கும்.”

“எதுவா இருந்தாலும் பாத்துடுவோம். நீதான குமரனை உக்கார வெக்கச் சொன்ன?”

குமரன் உட்கார்ந்தான். அவள் பின்னால் நின்று வழியைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் ஃபோல்டரின் பெயரைத்தான் சொல்லியிருந்தாள். அவன் விரல்கள் நிற்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, உள்ளே இருக்கிற நீளமான பெயர் எல்லாவற்றையும் தங்கு தடையில்லாமல் அடித்து முடித்துவிட்டான். தினம் போய்வருகிற தெரு போல.

சுகாசினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நான் இன்னும் சொல்லியே முடிக்கல சார்! இவருக்கு எப்படித் தெரியும்? கேளுங்க, இவருக்கு எப்படித் தெரியும்?”

குமரன் பதறவே இல்லை. நாற்காலியைத் திருப்பிப் பெரியவர்களைப் பார்த்தான். “இவங்கதான் சார் சொல்லிக் குடுத்தாங்க. ஆவணியிலயே. பேப்பர்ல படம் போட்டுக் குடுத்தாங்க. எதுக்கு எனக்கு இதெல்லாம் சொல்றாங்கன்னு அப்ப புரியல.”

“நீயாம்மா சொல்லிக் குடுத்த?” என்றார் பழனி.

“ஆமா. ஆனா...” என்றாள். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் இருந்த எதையும் கேட்க அங்கே ஆள் இல்லை.

குமரன் கடைசிப் பொத்தானை அழுத்தினான். அனுமதி மறுக்கப்பட்டது என்று ஸ்க்ரீனில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. இன்னொரு முறை அடித்தான். மறுபடி அதே வரி. ஜுனைத்தை உட்கார வைத்தார்கள். அவனுக்கும் அதே. சுகாசினி பார்த்துப் பார்த்துப் போட்ட பூட்டு, ஆணி அடித்தாற்போல நின்றது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக அவள் செய்த வேலை வேறு கிடையாது. அந்தச் சுத்தமே அவளைத் திருடியாக்கிற்று.

“பாத்தீங்களா?” என்றார் மணிவண்ணன். அவர் குரலில் நிம்மதி வழிந்தது. “நான் சொன்னேன்ல, ஆவணியிலயே அடைச்சாச்சுன்னு.”

பெரியவர்களில் ஒருவர், பொம்பளைப் பிள்ளை, போலீசுக்கெல்லாம் போக வேண்டாம் என்றார். பழனியும் ஒத்துக்கொண்டார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். அந்த இரக்கம் வேறு அவள் தலையில் ஏறிக்கொண்டது; வழக்கு என்று போயிருந்தால் விவரம் தெரிந்த ஒருவராவது மெஷினைத் திறந்து பார்த்திருப்பார். உதவிக்கு மாடியேறி வந்து வாசலில் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த மருந்துக் கடைப் பெண்கூட சுகாசினியை நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி இந்த ஊரில் எந்தக் கடையும் அவளை மெஷினுக்குப் பக்கத்தில் விடாது. வீட்டுக்குப் போனால் எல்லம்மாள் ஏன் சீக்கிரம் வந்துட்ட என்று கேட்பாள்.

எல்லோரும் இறங்கிப் போனதும் மணிவண்ணன் தொண்டையைக் கனைத்தார். அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். “தப்பா நெனைக்காதம்மா. இன்னா இருந்தாலும் நான் உன்னை ஒரு வார்த்த சொல்லல. சாவிய மட்டும் குமரன்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போ.”

“யாருகிட்ட?”

“குமரன்கிட்ட. இனிமே வீட்டு ஆளுங்கதான் அதப் பாக்கணும்னு பழனி சொல்லிட்டுப் போறாரு.”

அவள் எவ்வளவோ கத்தியிருக்கலாம். கத்தினால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாக் கடைக்குமான ரூட் சாவியின் பாஸ்வேர்டை மாற்றும் இடத்தைத் திறந்தாள். பழனி கடை, சங்கத்துப் பெரியவர்களின் கடைகள், ரூக்ஷாரின் டிசைன்கள் இருந்த அந்தச் சின்னத் தடுப்பு, எல்லாம் அந்த ஒரு சாவிக்குப் பின்னால் இருந்தன. பழைய பாஸ்வேர்டை அடித்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். குமரன் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டு போட விரலைத் தூக்கினான். தூக்கியவன் நின்று, திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பார்க்கக் கூடாது. அது திருட்டு.